பல் ஒத்துப்போனால் பங்காளியா?

கேள்வி: அமராவதி அணை முதலைகள் நோட்டோசூக்கியாவின் வாரிசுகளா? (உசிலம்பட்டி)

இல்லை. நோட்டோசூக்கியா என்பது டைனோசர் காலத்தில் தழைத்த ஒரு பழைய முதலைக் கூட்டம். அதுவும் இன்றைய முதலைகளின் கிளையும் ஜுராசிக் காலத்திலேயே பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டன. இன்று உயிரோடிருக்கும் எந்த முதலையும் நோட்டோசூக்கியா வம்சம் கிடையாது. தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான்.

கேள்வி: சார்க்கோசூக்கஸ் என்ற பழங்காலப் பெருமுதலை நைஜரிலும் பிரேசிலிலும் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் அதுவும் நோட்டோசூக்கியாதானே? (திருமங்கலம்)

இல்லை, அது நம் முதலைகள் இருக்கிற நியோசூக்கியா என்ற கிளையின் பக்கம். கிடைத்த ஊரை வைத்து உறவு சொல்லாதீர்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் குவாரியில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். முதலைத் தாடை போலத் தெரிகிறது. எந்த இனம்?

கருங்கல் இனம். மதுரையைச் சுற்றி இருப்பதெல்லாம் நைஸ், சார்னோகைட், கிரானைட். பூமிக்கடியில் வெந்து உருமாறிய, அல்லது உருகி உறைந்த பாறைகள். 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. முதல் முதலை பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியவை. அப்புறம், படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமாவது வையுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? உங்கள் 'தாடை' விரல் நீளமா, வீட்டு வாசல் அகலமா என்றே தெரியவில்லை.

கேள்வி: மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் பல் போலவே அரியலூரிலும் கிடைத்திருக்கிறதாமே. இது குமரிக்கண்டத்துக்கு ஆதாரம் இல்லையா? (சோழவந்தான்)

வந்துவிட்டது! சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

பல் கிடைத்தது உண்மை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில், கிரெட்டேசியஸ் என்ற டைனோசர் யுகத்தின் கடைசிக்கட்ட மண்ணில் கிடைத்ததை 2013-ல் வெளியிட்டார்கள். சிமோசூக்கஸ் முக்கால் மீட்டர் நீளம், மழுங்கிய மூஞ்சி, மேலெல்லாம் கவசம், கிராம்பு மொட்டு மாதிரிப் பல். இலைதழை தின்றது என்பதே பொதுவான கருத்து.

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 9 கோடி ஆண்டு. சிமோசூக்கஸ் வாழ்ந்தது 7 கோடி ஆண்டுக்கு முன். பிரியும் முன்பே இருந்த ஒரு மூதாதை வழி இரண்டு கரையிலும் தொடர்ந்திருக்கலாம். இல்லையென்றால், ஒரே மாதிரி தீனி ஒரே மாதிரி பல்லை உண்டாக்கியிருக்கலாம். முதலை வம்சத்தில் தாவரம் தின்னும் பல் குறைந்தது 3 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. மண்டையோடு கிடைக்கும்வரை 'சிமோசூக்கஸ் போன்றது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

இதில் மூழ்கிய கண்டத்துக்கு வேலை எங்கே? குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கின்றனவே என்று 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் கட்டிய ஊகம்தான் லெமூரியா என்ற மூழ்கிய கண்டம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அதற்குத் தேவை போய்விட்டது. நடுவில் நிலம் மூழ்கவில்லை. இந்தியா விலகி வடக்கே வந்தது. நம் இனத்து மனிதனுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. 7 கோடி ஆண்டுப் பல்லைக் கொண்டுவந்து பாண்டியன் கோட்டைக்குச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். சிலப்பதிகாரம் சொல்லும் கடல்கோளைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். அதற்கு முதலை எதற்கு?

கேள்வி: டைனோசரோடு இந்த நோட்டோசூக்கியா முதலைகள் எல்லாமே அழிந்துவிட்டனவா? (திருப்பரங்குன்றம் பள்ளி மாணவி)

நல்ல கேள்வி. இல்லை. செபெசிட் என்ற தரைவாழ் கூட்டம் தென்னமெரிக்காவில் சுமார் 1 கோடி ஆண்டுக்கு முன்வரை இருந்தது. வெனிசுலாவின் பரினாசூக்கஸ் 6 மீட்டர் இருக்கும். இவர்கள் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்பதில்தான் தகராறு. உயர்ந்து ஒடுங்கிய மண்டை, ரம்பப் பல் இரண்டையும் பார்த்து பவுருசூக்கிட் என்ற பழைய வேட்டை முதலைகளோடு சேர்க்கிறது ஒரு கட்சி. வேட்டையாடும் எதற்கும் அந்த அமைப்பு தனியாக வரலாம், மற்ற எலும்புகளைப் பார் என்று பெய்ரோசாரிட் என்ற வேறொரு பழைய முதலைக் கூட்டத்தோடு சேர்க்கிறது இன்னொன்று. பல்லைப் பார்த்து உறவு சொல்லாதே என்பவன் நான். ஆகவே எந்தக் கட்சி என்று நீயே கண்டுபிடித்துக்கொள்.

கேள்வி: நோட்டோசூக்கஸுக்குப் பெயர் வைத்தது யார்? (மதுரை)

ஆர்தர் ஸ்மித் வுட்வர்டு, 1896-ல், அர்ஜென்டினா எலும்புகளைப் பார்த்து. பிற்பாடு, மனித மண்டையோட்டோடு குரங்குத் தாடையைச் சேர்த்து ஆதிமனிதன் என்று காட்டிய பில்ட்டவுன் புரளியில் ஏமாந்தாரே, அவரேதான். அங்கேயும் தாடையும் பல்லும்தான் வினை.