வீட்டில் அமைதியே இல்லை, உட்கார்ந்தால் மனசு அலைபாய்கிறது. தியானத்தை எங்கிருந்து தொடங்குவது? வகுப்புக்குப் போக வேண்டுமா?

அமைதியான இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடங்க அது போதும்.

நான் இருப்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கம். செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் லோரிகளை எடை போடும் இடத்தில் வேலை. வெட்டிய பழக்குலையைப் போட்டு வைக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடத்தான் எல்லா ஆலையும் பார்க்கும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் பழம் அதிகம் வரும் மாதங்களில் லோரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஹாரன் சத்தம் ஓயாது. "அக்கா, என் லோரி எப்போ?" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நடைக்குத்தானே அவர்களுக்குக் காசு. அந்தப் பரபரப்பு முழுவதும் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடு வரைக்கும் வரும். பிள்ளை வீட்டுப்பாட நோட்டை நீட்டினால்கூட எரிந்து விழத் தோன்றும்.

மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வாசலை ஒட்டிய அஞ்சடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். கைப்பேசி மோட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், முதுகு விறைக்காமல் நிமிர்ந்திருந்தால் சரி. மூச்சைச் சாதாரணமாக உள்ளே இழுத்து, வெளியே விடும்போது மட்டும் மெதுவாக, நீளமாக விடுங்கள். ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும் ஓர் எண். 10 வந்ததும் மறுபடி 1. நடுவில் சம்பளம், பால் மாவு, நாளை ஷிப்ட் என்று மனசு எங்கேயாவது போய்விடும், எண்ணிக்கை தப்பிவிடும். திட்டிக்கொள்ளாமல் 1-இல் தொடங்குங்கள். அலைபாய்கிறது என்கிறீர்களே, அப்படிப் போன மனசைக் கவனித்துத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இந்தப் பயிற்சியே.

வெளிமூச்சை ஏன் நீட்டச் சொல்கிறேன் என்பதைக் கையிலேயே பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும் வேலை அது. சிலருக்கு மூச்சையே கவனித்தால் படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு டிவி, கோயில் ஒலிபெருக்கி, நாய் எல்லாம் இருக்கத்தான் செய்யும். காதில் விழட்டும். வீட்டு ஆட்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் கண்ணை மூடிக்கிட்டு உட்காரலாமா?" என்று என் மாமியார் கேட்டார். "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன் அத்தை" என்றேன். இப்போது பிள்ளைகள் ஓடி வந்தால் அவரே பிடித்து வைத்துக்கொள்கிறார்.

அதிகாலையில் செய்தால்தான் பலன் என்பதை நான் ஏற்பதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு அதிகாலைதான் வேலை நேரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அவர்களை இன்னும் முன்னால் எழுந்திரு என்பது கொடுமை. இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் யோகமும் தியானமும் கற்றுக்கொடுத்த சுவாமி சிவானந்தரைச் சொல்லுங்கள். ரிஷிகேசத்துக்குப் போகும் முன்னால் அவர் 1913 முதல் 1923 வரை மலாயாவில் டாக்டராக இருந்தார், அதிலும் பல வருடம் எங்கள் சிரம்பான் பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனையில். அமெரிக்காவில் 1979-இல் ஜான் கபட்-சின் என்பவர் தியானப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுபோனதும், தீராத வலியோடு வாழ்ந்த சாதாரண நோயாளிகளுக்காகத்தான்.

இதனால் லோரி வரிசை குறையாது, கடனும் அடையாது. எரிந்து விழுவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மலேசியாவில் இருந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-க்கும் பேசலாம்.

வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். குவாந்தான் பக்கம் கம்பாங்கில் விபாசனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள் தங்கிப் பேசாமல் பயில வேண்டும். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. நல்ல இடம்தான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பத்து நாள் மௌனம் கனமான காரியம். ஐந்து நிமிடம் பழகி, இன்னும் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது லீவு போட்டுப் போங்கள்.