கறுப்புத் தேனில்தான் தாதுச் சத்து அதிகமா?

கோத்தகிரியில் வாங்கிய இரண்டு பாட்டிலில் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் இருக்கிறதே, எதில் தாது அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கறுத்ததில்தான்.

பூவின் மதுரத்தில், அதாவது பூவில் சுரக்கும் இனிப்பு நீரில், கரைந்திருப்பதுதான் தேனுக்கு வரும். அது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். நாவல் பூத்தேன் கறுத்து, லேசாகக் கசக்கும். மலைத்தேனீ பாறையில் கட்டும் அடையிலோ பல மரங்களின் மதுரம் கலந்திருக்கும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சூடாக்கினாலும், வெகுநாள் வைத்தாலும் தேன் கறுக்கும், ஆனால் தாது அதிகரிக்காது. அதனால்தான் ஆய்வகத்தில் மின்கடத்துதிறனைப் பார்க்கிறார்கள்: தாது உப்புகள் கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும்.

அப்புறம், அளவு மிகக் குறைவு. பூந்தேன் 100 கிராமை எரித்தால் மிஞ்சும் சாம்பல், அதாவது தாது, பொதுவாக 0.6 கிராமுக்குள்தான். அதில் பெரும்பங்கு பொட்டாசியம். அது வேண்டுமென்றால் மலைவாழைப்பழமே சாப்பிடலாம். தேனை ருசிக்காக வாங்குங்கள்.