ஆட்டோபானுக்கு பாஸ் வேண்டுமா?

கேள்வி: மியூனிக்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே வாடகைக் கார் எடுத்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் வரை போக ஆசை. ஆட்டோபானில் ஏற பாஸ் வேண்டும், இங்கேயே வாங்கித் தருகிறேன் என்று டிராவல்ஸ்காரர் பணம் கேட்கிறார். ஆட்டோபான் என்பது ஏதோ ஒரு தனிச் சாலையின் பெயரா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டோபான் தனிச் சாலையின் பெயரல்ல, அதிவேக நெடுஞ்சாலை என்ற சாலை வகையின் பெயர். ஜெர்மனில் 'ஆட்டோ' என்றால் கார். நம் மூன்று சக்கர ஆட்டோ அல்ல. 'பான்' என்றால் பாதை. ரயில்வேக்கு அவர்கள் சொல் 'ஐசன்பான்', அப்படியே நம் இருப்புப்பாதை. அந்த அச்சில் வார்த்ததுதான் ஆட்டோபான். 1920களின் கடைசியில், ஹாம்பர்க்–ஃபிராங்க்ஃபர்ட்–பாசல் சாலைக்காகப் பாடுபட்ட சங்கத்தின் தலைவர் ராபர்ட் ஓட்சன் உருவாக்கிய சொல் என்பார்கள். ஹிட்லர் வைத்த பெயர் என்று யாராவது கதை விட்டால் நம்ப வேண்டாம். கொலோன் நகரையும் பான் (Bonn) நகரையும் இணைக்கும் சாலையை அன்றைய கொலோன் மேயர் அடேனவர் 1932லேயே திறந்துவிட்டார். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933ல்.

ஜெர்மனியின் ஆட்டோபானில் காருக்குச் சுங்கமே கிடையாது. அப்புறம் எதற்கு பாஸ்?

சிக்கல் எல்லையில். ஆஸ்திரியாவிலும் அதே நீலப் பலகை, அதே ஆட்டோபான் என்ற சொல். ஆனால் அங்கே 'விக்னெட்', அதாவது சாலைக் கட்டணம் கட்டியதற்கான வில்லை, கட்டாயம். எல்லை தாண்டி குஃப்ஸ்டைன்-சூட் வெளிவழி வரை விலக்கு உண்டு. அங்கேயே இறங்கிவிட்டால் சரி, இறங்காமல் நேரே போனால் அபராதம். நீங்கள் இன்ஸ்புருக் போகிறீர்கள், ஆகவே விலக்கு உங்களுக்கு உதவாது. குஃப்ஸ்டைன் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் அது. ஒரே ஐரோப்பிய யூனியனாம், ஆனால் நாட்டுக்கு ஒரு விதி. ஐரோப்பிய ஒற்றுமை சாலைக் கட்டணத்தில் மட்டும் ஏனோ எட்டவில்லை.

டிஜிட்டல் விக்னெட் வண்டி எண்ணோடு சேர்ந்தது. வாடகைக் காரின் எண் சாவி கைக்கு வரும்போதுதானே தெரியும்? டிராவல்ஸ்காரர் எந்த எண்ணுக்கு வாங்குவார் என்று கேட்டுப் பாருங்கள். இணையத்திலும் அரசுத் தளம் போலவே வேஷம் போட்டு, மேலே கமிஷன் வைத்து விற்பவர்கள் உண்டு. ஆஸ்திரிய நெடுஞ்சாலை நிறுவனமான ஆஸ்ஃபினாக்கின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அல்லது எல்லைக்கு முன் பெட்ரோல் பங்கில் கேளுங்கள். 10 நாள் விக்னெட் போதும். எல்லை தாண்டும் முன் கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று கார் கம்பெனியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகம்? ஜெர்மனியில் பலகை இல்லாத இடத்தில் 130 பரிந்துரை மட்டுமே. ஆஸ்திரியாவில் அதே 130தான் உச்ச வரம்பு.