டெஸ்ட் எல்லாம் பாஸ், பிழை மட்டும் அப்படியே

ஏஐயைக் கொண்டு டெஸ்ட் (நிரல் சரியா வேலை செய்யுதோ எண்டு பார்க்கிற சோதனை) எழுதுவிக்கிறதெண்டால், யூசர் ஸ்டோரியோட (பாவிக்கிறவருக்கு என்ன வேணும் எண்ட சிறு குறிப்பு) நிரலையும் சேர்த்துக் குடுக்காதேங்கோ. நெல் வாங்கிற உங்கட கிளிநொச்சிச் சங்கச் செயலி, மறுக்கவேண்டிய 16% ஈரப்பதன் நெல்லை ஏற்றுக்கொண்டும் டெஸ்ட் பாஸ் ஆகுதெண்டால், அனேகமா ஏஐ நிரல் செய்யிறதைப் பார்த்தே டெஸ்ட் எழுதியிருக்கும். பிழையும் அதுக்குச் சரிதான்.

"ஈர நெல் வேண்டாம்" எண்டு யூசர் ஸ்டோரியில ஒரு வரி போட்டால் காணாது. கெர்கின் (Given-When-Then எண்டு நிலை, செயல், விளைவை வரிசையா எழுதிற முறை) நடையில எல்லையை எழுதுங்கோ: 14% எண்டால் ஏற்கவேணும், 14.1% எண்டால் மறுக்கவேணும். ஈரப்பதன் பெட்டி வெறுமையா இருந்தால் என்ன நடக்கவேணும் எண்டதையும் எழுதுங்கோ, அதைத்தான் எல்லாரும் விடுறது.

திருத்தின பிறகு நிரலில 14ஐ வேணுமெண்டே 20 ஆக்கி ஓட்டிப் பாருங்கோ. அப்பவும் பாஸ் எண்டால் அந்த டெஸ்ட் சும்மா அலங்காரம்.

எல்லை 14தானோ எண்டதைச் சங்கத்தாரிட்டக் கேளுங்கோ, ஏஐ ஊகிச்சுப் போடும். விவசாயிகளின்ர உண்மையான அடையாள அட்டை இலக்கங்களை மாதிரித் தரவாக் குடுக்கவே வேண்டாம்.