மூக்கில் மொச்சை போட்டுக்கொண்டால் ஊக்கைத் தேடாதீர்கள்

கூடலூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “காலையிலேயே ஜீப் ஏறிக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவேன். மூன்று வயது மகனை அம்மாச்சிதான் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் மூக்கில் மொச்சையைப் போட்டுக்கொண்டான். ஊக்கால் நோண்டியதில் இரத்தம் வந்துவிட்டது; பிறகு தும்மலில் தானாக விழுந்தது. இனி இப்படி நடந்தால் முதலில் என்ன செய்வது?”

ஊக்கு, ஹேர்பின், விரல் எதுவும் உள்ளே போகக் கூடாது அம்மா. உருண்டைப் பொருளை நோண்டினால் இன்னும் உள்ளேதான் நழுவும். பிள்ளையை மல்லாத்தாமல் உட்கார வையுங்கள், வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். சிந்தத் தெரிந்த பிள்ளையென்றால் நல்ல பக்கத்தை மூடிக்கொண்டு சிந்தச் சொல்லலாம்.

அதிலும் வராவிட்டால், 1965 முதல் மருத்துவர்கள் சொல்லிவரும் ஒரு வழி இருக்கிறது. முத்தம் கொடுப்பதுபோல வாயோடு வாய் பொருத்தி, அடைக்காத மூக்குத் துளையை விரலால் மூடி, மெல்ல ஊதுங்கள். தடை தட்டுப்பட்டதும் சட்டென ஒரே ஊது. பத்துக்கு ஆறு பிள்ளைகளுக்குப் பலிக்கிறது. இரண்டு தரம் பார்த்தும் வராவிட்டால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூக்குப்பொடி, எண்ணெய், தண்ணீர் வேண்டவே வேண்டாம். மொச்சை ஊறினால் உப்பிக்கொள்ளும்.

பொத்தான் பேட்டரி மட்டும் வேறு கதை. திருவிழாக் கடையில் வாங்கும் மின்னும் பொம்மைக்குள் இருக்குமே, அதுதான். மூக்கின் ஈரம் பட்டதும் அதில் மின்சாரம் ஓடி, சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகும்; சில மணி நேரத்திலேயே இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தண்டு ஓட்டையாகிவிடலாம். பொம்மையில் பேட்டரியைக் காணோம் என்றாலே மூக்கில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஊதிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். சீட்டு எழுதும் இடத்திலேயே “பேட்டரி” என்று உரக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் “ஈ.என்.டி. டாக்டர் நாளைக்குத்தான்” என்று திருப்பி அனுப்புவார்கள். இத்தனை வருடமாகச் சொல்லியும் இந்த வழக்கம் மாறவில்லை.

அப்புறம், தொக்கம் எடுக்கும் ஆட்கள். குழாயை வைத்து ஊதி, தங்கள் கையிலிருந்த கடலையைக் காட்டி, உங்கள் பிள்ளையிடமிருந்து வந்ததென்பார்கள். காசும் போய், பொருளும் உள்ளேயே இருக்கும். பத்து நாள் கழித்து ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி ஒழுகும்போதுதான் பெற்றவர்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள். அதற்குள் நாலு பாட்டில் சளி மருந்து காலியாகியிருக்கும்.

இருமல், இழுப்பு, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108.

மொச்சை விழுந்துவிட்டது, சரி. இருந்தாலும் மற்ற மூக்கையும் இரண்டு காதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றோடு நிறுத்திய பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.