லாக்புக்கில் 205 மணி நேரம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். விமானப் பணி குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகன் வணிக விமானி உரிமம் வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் 205 மணி நேரம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அழைக்கவில்லை. வாடகைக்கு விமானம் விடும் ஒரு சார்ட்டர் நிறுவனம் 500 மணி இருந்தால் வரச் சொல்கிறது. இணையத்தில் பார்த்தால் 1500 மணி என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு முகவர், 18 லட்சம் கட்டினால் ஏர்பஸ் டைப் ரேட்டிங் முடித்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். படிப்புக்கே அரைக் கோடி போய்விட்டது. இனி மிச்சமிருப்பது பூர்வீகப் பெரிய வீட்டில் எங்கள் பங்குதான். அதை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம். "வாடகைக் கார் ஓட்டுவதுபோல வாடகை விமானம் ஓட்டவா இவ்வளவு செலவழித்தோம்?" என்று பையனின் அப்பச்சி (அப்பா) வருத்தப்படுகிறார். நாங்கள் என்ன செய்யட்டும்?

மீனாட்சி, தேவகோட்டை

அன்புள்ள மீனாட்சி ஆச்சி,

பங்கை விற்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி. அந்த விமானத்தில் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். புதுப்பிக்க, தரையிலேயே பறப்பதுபோலப் பயிற்சி தரும் சிமுலேட்டருக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம் கையில் இல்லாமல் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் மட்டும் நம் நாட்டில் 1600-க்கும் மேற்பட்ட வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அத்தனை பேரும் அதே கதவைத்தான் தட்டுகிறார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர் அதை எழுத்தில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களைக் குழப்பும் எண்களுக்கு வருகிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையிலுள்ள போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1500 மணி. நீங்கள் இணையத்தில் பார்த்த 1500 பெரும்பாலும் அமெரிக்கச் சட்டமாக இருக்கும். அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக அமரவே பொதுவாக அவ்வளவு கேட்கிறார்கள். அங்கும் சார்ட்டர் பணிக்கு வேறு கணக்கு: நல்ல வானிலையில் கண்ணால் பார்த்து ஓட்டும் தலைமை விமானிக்கு 500, மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஓட்டுபவருக்கு 1200. உங்கள் மகனிடம் கேட்ட 500 நம் நாட்டுச் சட்டம் கேட்பதில்லை. நிறுவனமும் காப்பீட்டுக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து வைத்துக்கொண்ட வேலி அது. சட்டத்தை மாற்ற முடியாது; வேலியைப் பேசித் தாண்டலாம்.

அந்த அமெரிக்கச் சட்டம் பிறந்த கதையை உங்கள் மகன் அவசியம் படிக்க வேண்டும். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறு பயணிகள் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் 2013-இல் 1500 மணி விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விமானத்தின் கேப்டன் 3379 மணி பறந்தவர். துணை விமானி 2244 மணி. இருவரும் 1500-ஐ எப்போதோ கடந்தவர்கள். வேகம் குறைகிறது என்று கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக மேலே இழுத்தார். அன்று முதல் எந்த லாக்புக்கைக் கையில் வாங்கினாலும் மொத்த மணியை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

நம் ஊருக்கு இது புரியாத விஷயமில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நம் ஐயாக்கள் எடுத்தவுடன் கடையை நடத்தும் மேலாளாக உட்காரவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பேரேட்டைப் பார்த்தவுடனே கணக்கைப் புரிந்துகொள்ளக் கற்ற பிறகுதான் கடைச் சாவி கைக்கு வந்தது. சார்ட்டர் விமானத்தின் வலப்பக்க இருக்கை அடுத்தாளின் இருக்கை.

நான் அந்த இருக்கையில் கிங் ஏர் என்ற சிறு விமானத்தில் அமர்ந்தேன். விடிவதற்கு முன் இறக்கைக்கடியில் குனிந்து, எரிபொருள் டாங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் மணிமணியாக உருளும். முதல் ஆறு மாதங்கள் அதைப் பார்த்தேன், சக்கரக்கட்டை எடுத்தேன், பெட்டி தூக்கினேன். ஒருமுறை முகூர்த்தக் காலத்தில், மதுரைக்கு வரும் கல்யாண வீட்டார் சீர் வெள்ளிச் சாமான்களோடு வந்து நின்றார்கள். அந்த விமானத்தில் டாங்க்கை முழுதாக நிரப்பினால் எல்லா இருக்கைகளையும் நிரப்ப முடியாது. எடை போட்டேன், மீறியது. கேப்டன் என்னைப் பார்த்து, "நீயே போய்ச் சொல்" என்றார். பணம் கொடுத்து விமானம் எடுத்த பெரியவரிடம், இரண்டு பெட்டிகள் காரில்தான் வர வேண்டும் என்று ஓர் இருபத்து நான்கு வயதுப் பையன் சொல்ல வேண்டியிருந்தது. குரல் நடுங்கியது. சொன்னேன். பெட்டிகள் காரில் வந்தன. லாக்புக்கில் அன்றைக்கு 1 மணி 20 நிமிடம் என்றுதான் இருக்கிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சார்ட்டரில் காத்திருப்பு அதிகம். தேர்தல் வந்தால் தூக்கமில்லை, முடிந்தால் வேலையில்லை. ஆகவே மணி மெதுவாகத்தான் ஏறும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கிங் ஏர் போன்ற விமானங்கள் ஒற்றை விமானி ஓட்டவும் சான்று பெற்றவை. அப்படிப்பட்ட விமானத்தில் துணை விமானியாகப் பறக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் உயர் உரிமத்துக்கு எண்ணக் கூடாது என்கிறது சர்வதேச விதி. எனவே மணி எப்படிப் பதிவாகும், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், பயிற்சிச் செலவு யாருடையது, இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நம்பிக்கையூட்டும் பக்கமும் இருக்கிறது: 5700 கிலோவுக்கு உட்பட்ட விமானத்தில், அதற்குரிய தகுதி இருந்தால், வணிக உரிமத்தோடே தலைமை விமானி ஆகலாம். கிங் ஏர் பி200 அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

அதுவரை உங்கள் மகன் மருத்துவச் சான்றையும் கருவிப் பறப்புத் தகுதியையும் ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருக்கட்டும். இவை காலாவதியான பையனை எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்காது. பயிற்றுநர் தகுதி பெற்று பறக்கும் பள்ளியில் சேர்ந்தால் இன்னும் நல்லது. அங்கே பறக்கும் மணி அவன் பொறுப்பில் பறந்ததாகவே சேரும். ஒரு மணியைக்கூட இட்டுக்கட்டி எழுத வேண்டாம். 2011-இல் போலி மதிப்பெண்களும் பொய் மணிகளும் பிடிபட்டபோது விமானிகள் கைதானார்கள்.

அப்பச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தையே நடத்தினார். விமானத்தில் ஏற்றுவது யார், எத்தனை பேர் என்பதை வைத்து அவர் அந்தத் தொழிலைத் தரம் பிரித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நெஞ்சு வலிக்காரர் ஒருவரை இரவில் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, யாரும் என்னிடம் வாடகை வண்டிக்காரனா என்று கேட்டதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம், விற்ற எந்த வீட்டின் வளவிலிருந்து வந்ததோ என்று மனம் கனக்கும். உங்கள் வீட்டுத் தூண் அங்கே வர வேண்டாம். வரும் ஞாயிறு காலையில் மகனை என் வீட்டுக்கு அனுப்புங்கள். லாக்புக்கைக் கொண்டுவரட்டும். முகவர் கொடுத்த தாள்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்