நடிகர் கேட்டால் ஓட்டு விழுமா?

அன்புள்ள ஐயா,

போன தேர்தலின்போது எங்கள் கோத்தகிரிக்கு ஒரு நடிகர் பிரச்சாரத்துக்கு வந்தார். கடைவீதியில் நிற்க இடமில்லை. எஸ்டேட்டில் இலை பறிக்கும் என் அத்தையும் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பார்க்கப் போனார். எனக்குக் கோபம் வந்து திட்டிவிட்டேன். நாம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கடைசியில் ஒரு சினிமா முகம் வந்து கையசைத்தால் நம் ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நடிகர்கள் ஓட்டுக் கேட்பதையே தடை செய்தால் என்ன?

— ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அத்தை நடிகரைப் பார்க்கப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எழுதவில்லை. கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. பார்க்கப் போனதாலேயே ஓட்டும் அங்கே போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது இதுதான். எஸ்டேட் ஆட்களைப் பற்றி இந்தப் பேச்சை இந்த மலையில் பல காலமாகக் கேட்டு வருகிறேன். அது உண்மையில்லை.

2011 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். திமுகவுக்காக வடிவேலு ஊர் ஊராகப் போனார். அவர் போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. அவர் குறிவைத்துப் பேசியது விஜயகாந்தை. முடிவு என்ன? திமுகவுக்கு 23 இடம், விஜயகாந்தின் தேமுதிகவுக்கு 29 இடம். அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டிச் சிரித்தவர்கள் பொய்யாகச் சிரிக்கவில்லை. ஊருக்குத் தேர் வந்தால் எல்லோரும் போய்ப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள், சிரித்தார்கள், வீட்டுக்கு வந்து அவரவர் கணக்கைப் போட்டார்கள்.

அதே 2011-ல் நம் நீலகிரி மாவட்டத்தில் நடந்ததையும் பாருங்கள். மாநிலம் முழுக்க அதிமுக அலை. ஊட்டி அலையோடு போனது. குன்னூரும் கூடலூரும் திமுகவைத் தேர்ந்தெடுத்தன. திமுகவுக்கு மிஞ்சிய அந்த 23-ல் இரண்டு நம் மலையிலிருந்து போனவை. கூடலூர் அதோடு நிற்கவில்லை. 2016-ல் மறுபடி அதிமுக ஆட்சி, கூடலூரில் திமுக. 2021-ல் திமுக ஆட்சி, கூடலூரில் அதிமுக. அடுத்தடுத்து மூன்று தேர்தல்களில் ஆளுங்கட்சிக்கு எதிர்ப்பக்கம் நின்ற தொகுதி அது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும், மலையாளம் பேசுகிறவர்களும், பணியர் பழங்குடியினரும், செட்டிமார்களும் சேர்ந்து வாழும் ஊர். முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஊரின் வரலாறு இப்படியா இருக்கும்?

கூடலூர்க்காரர்களிடம் பேசினால் காரணம் தெரியும். ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழிக்க 1969-ல் வந்த ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலம். பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பு கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் இதைத் தீர்ப்பதாகச் சொல்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் சொன்னார்கள், யார் செய்யவில்லை என்று மறக்காமல்தான் வாக்குச்சாவடிக்குப் போகிறார்.

சரி, ரஜினி 1996-ல் பேசினாரே, அதனால் ஆட்சியே மாறவில்லையா என்று கேட்பீர்கள். ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்றார். அதிமுகவுக்கு நான்கே இடம். ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை ஊரே பார்த்திருந்தது. அதிமுகவோடு கூட்டணி என்று டெல்லி முடிவெடுத்ததும் மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) தொடங்கியிருந்தார். ஜனங்கள் ஏற்கெனவே மனதில் வைத்திருந்ததை ரஜினி உரக்கச் சொன்னார். அவர் குரல் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பிய அலைக்கு அது வேகம் கொடுத்திருக்கும். அலையைக் கிளப்பியது அதுவல்ல.

எப்படித் தெரியும் என்றால், அதே ரஜினி, 1996-ல் ஆதரித்த அதே திமுக-தமாகா கூட்டணியை 1998 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஆதரித்தார். அதிமுக அணி தமிழ்நாட்டில் 30 இடம் வென்றது. 1996-ல் தமாகாவை அனுப்பிய நம் நீலகிரித் தொகுதியே 1998-ல் அதிமுக அணியில் நின்ற பாஜகவின் மாஸ்டர் மாதனை அனுப்பியது. இரண்டு ஆண்டில் ரஜினியின் ரசிகர்கள் குறைந்துவிடவில்லை. 2004-ல் பாமகவைத் தோற்கடிக்க அவருடைய ரசிகர்களே களத்தில் வேலை செய்தார்கள். புதுச்சேரியையும் சேர்த்து பாமக நின்ற ஆறு தொகுதிகளிலும் பாமகவே வென்றது.

எம்ஜிஆரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர் வேறொருவருக்காக ஒரு மாலை வேனில் ஏறியவர் அல்ல. சுமார் இருபது ஆண்டு திமுகவில் இருந்து, கிளைகிளையாக மன்றங்களை வளர்த்து, 1972-ல் தனிக்கட்சி கண்டவர். வெறும் புகழே போதுமென்றால் சிவாஜி கணேசன் 1989-ல் திருவையாறில் தோற்றிருக்க மாட்டார்.

பிரபலத்தின் வார்த்தை வேலை செய்கிற இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 2008-ல் ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே ஒபாமாவை ஆதரித்தார். அவருடைய பத்திரிகை எங்கெங்கே அதிகம் விற்கிறது, அவர் பரிந்துரைத்த புத்தகங்கள் எங்கே அதிகம் வாங்கப்படுகின்றன என்பதை வாக்குகளோடு பொருத்திப் பார்த்து, கார்த்வெய்ட், மூர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டு அதனால் ஒபாமாவுக்குக் கூடியது என்று மதிப்பிட்டார்கள். அங்கே போட்டி ஒரே கட்சிக்குள். கட்சிப் பாசம் குறுக்கே வராது. ஒபாமா அப்போது புதுமுகம். அப்படிப்பட்ட இடத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவர் சொன்னால் கேட்பார்கள். 2024 அதிபர் தேர்தலில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸை ஆதரித்துப் பதிவிட்டபோது, வாக்காளராகப் பதிவு செய்யும் வழியைச் சொல்லும் அரசுத் தளத்துக்கு அவர் கொடுத்த இணைப்பின் வழியாக ஒரே நாளில் நான்கு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ஹாரிஸ் தோற்றார். வாசல்வரை அழைத்துப் போக முடிகிறது, உள்ளே போய் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்களைப் பட்டியலில் சேர்க்க ஒரு நடிகர் குரல் கொடுத்தால் நான் மனதார வரவேற்பேன்.

அப்படியென்றால் நடிகர் வந்து போவதில் தீங்கே இல்லையா? இருக்கிறது, நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. கோத்தகிரியில் அன்று வேனில் நடிகர் பக்கத்தில் நின்ற வேட்பாளர் எவ்வளவு நேரம் பேசினார்? அவர் பேச வேண்டியது எத்தனை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விவசாயி கேட்கிற விலை, இன்ட்கோ என்ற கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் நிலைமை, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குக் கொடுப்பது என்று 2022-ல் அரசு முடிவெடுத்த பிறகு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எழுந்த பயம், யானை நடமாடும் ஊர்களில் இரவில் நோயாளியை எப்படிக் கொண்டுபோவது. பிரச்சாரத்துக்கு இருப்பது கொஞ்ச நாள். ஒரு ஊருக்கு வேட்பாளர் ஒரு தடவை வந்தாலே பெரிது. அந்த ஒரு தடவையையும் நடிகரின் வசனம் எடுத்துக்கொண்டால், உங்கள் அத்தைக்குப் பறிபோவது கேள்வி கேட்கும் வாய்ப்பு. அரைநாள் கூலியைவிடப் பெரிய நஷ்டம் அது.

சட்டமும் இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் பெற்ற கட்சி 40 பேர் வரை நட்சத்திரப் பேச்சாளர்கள் என்று பட்டியல் கொடுக்கலாம். அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறாது. சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம்தான் செலவு உச்சவரம்பு என்று வைத்துவிட்டு, இந்த வழியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கையில் பணமில்லாமல் நிற்கிற உள்ளூர் சுயேச்சைக்கு இது எவ்வளவு பாதகம் என்று யோசியுங்கள். மாற்ற வேண்டுமென்றால் இதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தடை மட்டும் வேண்டாம். நடிகரும் குடிமகன்தான். அவருக்குப் பிடித்த கட்சிக்காகப் பேசும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல் அவருக்கும் உண்டு. அடுத்த தடவை வேன் வந்தால் அத்தையோடு நீங்களும் போங்கள். இலை விலையைப் பற்றி நாலு வரி எழுதி எடுத்துப் போய், நடிகரிடம் கொடுக்காதீர்கள், வேட்பாளரிடம் கொடுங்கள். மைக்கில் பதில் சொல்லச் சொல்லுங்கள்.